சாம்பிள் கனைப்பு

சிரிப்பு வரும், நிச்சயம் வரும், பதினாலாவது செகண்டில் வரும், அந்த இடத்தில்தான் ரம்சியா கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்தாள், விழுந்தும் நிறுத்தவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தே சிரித்தாள், ஆகவே இது சிரிப்புக் கதைதான், யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஆனால் அந்த இடத்தை இப்போதே சொல்லிவிட்டால் ருசி போய்விடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், நானே பொறுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், பஸ்ஸும் பொறுத்துக்கொண்டுதான் நிற்கிறது, ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள், திருச்செந்தூர் வண்டி போனால்தான் திறப்பார்கள், டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் துண்டை விரித்துத் தலையை வைத்துக்கொண்டார், கண்டக்டர் படியில் நின்று "எறங்குத ஆளு எறங்கிக் காத்து வாங்கிக்கோங்க, டிக்கெட்ட மட்டும் தொலைச்சிராதீங்க" என்று மூக்கால் சொல்கிறார், டிக்கெட்டை மூக்குக்குள் இழுத்து, கடைசி எழுத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி முடிக்கிறார், அது நான் கேட்காமலே என் தொண்டைக்குள் ஏறிக்கொண்டது, எனக்கு எந்தக் குரலும் அப்படித்தான், ஒருமுறை கேட்டால் போதும், உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள், கூப்பிட்டால் எழுந்து பேசுவார்கள், பிசிக்ஸ் மிஸ், ரேஷன் கடைக்காரர், அம்மன் கோயில் மைக்செட் அண்ணாச்சி, அப்பாவின் தும்மல், எல்லாரும் இருக்கிறார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் "பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு இன்று பிற்பகல் விடுமுறை" என்று சொல்லி நாற்பத்திரண்டு பேரை வாசலுக்கு வெளியே அனுப்பியவள் நான், வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார், அது என் வாழ்க்கையின் பொற்காலம், ஆவுடைச்செல்வி என்றால் அப்போது பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும், இப்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் தேவலை, முக்கியமாகப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற சுயம்புக்கனி அக்கா.

அக்கா மடியில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ஃபைலுக்குள் ஒரே ஒரு தாள். வண்ணாரப்பேட்டையில் மாடியில் இருக்கிற ஆபீசில் கிரிதரன் என்ற ஆளின் முன்னால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடத்தான் போகிறோம். என் குரலை எல்லா வேலைக்கும், எல்லா ஊரிலும், எந்தக் காலத்திலும், எந்த உருவிலும் இந்தக் கம்பெனி பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று அதில் அச்சடித்திருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டேன், பஸ் ஸ்டாண்டில் அக்கா தண்ணீர் பிடிக்கப் போனபோது மூன்று தடவை படித்தேன், எந்தக் காலத்திலும் என்ற இடத்தில் மூன்று தடவையும் கண் நின்றுவிட்டது, எந்தக் காலத்திலும் என்றால் அக்கா செத்த பிறகுமா, அக்கா செத்த பிறகும் அவள் குரல் தெருவில் போய்க்கொண்டே இருக்குமா, யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்களா. எங்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில்தான் அக்கா குடியிருக்கிறாள், குரல் கொடுப்பதுதான் வேலை, எந்த ஆபீசிலும் சம்பளத்துக்கு இல்லை, தனி ஆள், தெருவில் போகிற சாமான் வண்டி, கடைத் திறப்பு விழா, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்கிறதே அது, எல்லாம் இவள்தான், பீரோவுக்குள் கம்பளியை நாலு பக்கமும் தொங்கவிட்டு, தலையை உள்ளே விட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற, போனில் பதிந்து அனுப்புவாள், அப்போது நான் மாடியில் நாற்காலியை இழுத்தால்கூட "ஏட்டி ஆவுடை, இன்னொரு தடவ இழுத்தே, உன்ன வச்சே வண்டிய இழுப்பேன்" என்று சத்தம் வரும். அதையும் நான் நன்றாகச் செய்வேன், அந்த "இழுப்பேன்"ஐ, அம்மாவே ஏமாந்து கீழே எட்டிப் பார்த்து "மன்னிச்சுக்கோ கனி" என்று சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் சிரிப்புக்குப் போக முடியாது. யாராவது வேலைக்குக் கேட்டால் முதலில் ஒரு சாம்பிள் அனுப்புவாள், அந்தச் சாம்பிளில் கடைப் பெயர் வருகிற இடத்தில், சரியாக அந்தப் பெயர்மேலேயே, ஒரு கனைப்பு கனைப்பாள். க்ஹ்ம். பெயரின் நடு வயிற்றில் விழும். அதை வெட்டினால் பெயர் போய்விடும், பெயரை விட்டால் கனைப்பு நிற்கும், அதனால் சாம்பிளை எடுத்து யாரும் சும்மா ஓட்டிவிட முடியாது, கூலியெல்லாம் பேசி முடித்த பிறகுதான் கனைப்பு இல்லாத சுத்தமானதை அனுப்புவாள், அதோடு ஒரு வரியும் எழுதுவாள், "இந்த ஒரு வேலைக்கு மட்டும், வேறு எதற்கும் என்றால் என்னைக் கேட்க வேண்டும்." எழுத்துப் பிழை இல்லாமல், முற்றுப்புள்ளி வைத்து. ஒருநாள் கேட்டேன், எதுக்குக்கா இப்படி ஆஸ்பத்திரியில படுத்த கெழவன் மாதிரி கனைக்கீங்க என்று, "அதுதாம்ட்டி என் பூட்டு, நான் என்ன கடையா வச்சிருக்கேன் ஷட்டர் எறக்க, இருக்கது இந்தத் தொண்ட, அதுக்கு நான்தான பூட்டுப் போடணும்" என்றாள். ஒரு பாத்திரக் கடைக்காரர் அந்தப் பூட்டோடேயே வண்டியை ஓட்டினார், ஒரு மாதம் முழுக்க, "உங்கள் இல்லத்தின் பெருமை, பாலம்மாள் பாத்க்ஹ்ம்திரக் கடை" என்று தெருத்தெருவாகப் போயிற்று, யார் கேட்கப்போறா என்று நினைத்திருப்பார், ஊரே கேட்டது, பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாத் என்றால் நாற்பது பேர் க்ஹ்ம் என்போம், அக்கா அந்த வண்டியை மறித்து நிறுத்தி, கத்தவில்லை, டிரைவரிடம் ரொம்ப மரியாதையாக, ரேடியோவில் பேசுகிற அந்தக் குரலில், "அண்ணாச்சி, இதில் பேசுவது நான், எனக்கு உடம்பு சரியில்லாதபோது பேசியதுபோல் இருக்கிறது, சரியானபோது பேசியதும் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாள், மறுநாளே கடைக்காரர் வந்து நின்றார். அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு ஒரே குஷி, அன்றைக்குத்தான் அந்தக் குரலை முழுசாக எடுத்துக்கொண்டேன், கீழே போகும்போது ஒரு மணல் சத்தம், நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம், நடுவில் கனைப்பு, எல்லாம்.

மூச்சு. எதை எழுதிக் கொடுத்தாலும் அக்கா குரலிலேயே பேசுகிற அந்தக் கம்பெனி மெஷின் அதை மட்டும் எடுக்கவில்லை. இதோ கேட்டில் பஸ்ஸுக்கு முன்னால் நாலாவதாக ஒரு தட்டு வண்டி ஆட்டோ நிற்கிறது, மேலே நீலமும் பச்சையுமாகக் கொசுவலை, ஆள் பீடி குடிக்க இறங்கிவிட்டான், ஸ்பீக்கரை அணைக்கவில்லை, "கொசுவலை, கொசுவலை, டபுள் காட் கொசுவலை, சிங்கிள் காட் கொசுவலை" என்று சுயம்புக்கனி அக்கா பேசிக்கொண்டே இருக்கிறாள், மூச்சு விடாமல், வெயிலில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சுயம்புக்கனி அக்கா வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்கிறாள். பஸ்ஸும் நகராது, ஆட்டோவும் நகராது. "கொசுவலைன்னு நான் சொன்னதே இல்லட்டி" என்றாள் மெதுவாக, "ஒருநாளும் கொசுவலைக்குப் பேசல," பிறகு, "பேசுனேனா?" என்று என்னைப் பார்த்தாள். இல்லக்கா என்றேன். முன் சீட்டுப் பாட்டியம்மா ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம், நல்லாப் பேசுதா இந்தப் பொம்பள, நாலு நாளா நம்ம தெருவுல எண்ணெய் வித்தாளே அவதான, என்கிறாள். எண்ணெய். அதை நினைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். மூட்டுவலி எண்ணெய், மூன்றே நாளில் குணம் என்று இதே குரல் சொன்னது, அக்கா மருந்துக்குப் பேசவே மாட்டாள், அது அவள் கொள்கை, எவ்வளவு கேட்டாலும் மாட்டாள், ஆனால் தபால் ஆபீஸ் தெரு மரியபுஷ்பம் சித்தி முழங்கால் கொப்புளித்து வந்து வாசலில் நின்று, "உன் கொரல நம்பித்தான கனி வாங்குனேன், வேற எவ சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பனா" என்று சொன்னபோது, நான் மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன், அக்கா வெந்நீர் வைத்துத் துடைத்துவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது, பாத்திரம், துணி பிழிகிற சத்தம், சித்தியின் ஸ்ஸ். அந்த ஸ்ஸும் என் தொண்டைக்குள் இருக்கிறது. போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறது.

சரி, சிரிப்புக்கு வருகிறேன். அக்காவுக்குக் காய்ச்சல், போன மாசத்துக்கு முந்தின மாசம், டைபாய்டு, பதினோரு நாள், சனிக்கிழமை மத்தியானம் அம்மா கஞ்சி கொடுத்தனுப்பினாள், ரம்சியாவும் கூட வந்தாள், அக்கா கண்ணைத் திறக்காமலே போனை என் கையில் கொடுத்து, "யாரு கூப்பிட்டாலும் அடுத்த வாரம் பேசுதேன்னு சொல்லுட்டி, வேற ஒண்ணும் சொல்லாத" என்றாள், வேற ஒண்ணும் சொல்லாத, அவ்வளவுதான் அவள் என்னிடம் கேட்டது, ஒரே ஒரு காரியம், உலகத்திலேயே சுலபமானது, சொல்லாமல் இருப்பது. நாங்கள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தோம். ரெண்டு பேர் கூப்பிட்டார்கள், அடுத்த வாரம் என்று ஒழுங்காகச் சொன்னேன், என் குரலில்தான் சொன்னேன், எனக்கே போரடித்தது. அப்புறம் கிரிதரன் அனுப்பினான். சொல்லருவி என்று அந்தக் கம்பெனிக்குப் பெயர், அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்ட் தகவல் போனுக்கு என்று நூறு வாக்கியம் அக்காவிடம் வாங்கிப்போனவர்கள், இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்ற வரியோடு. "வணக்கம் மேடம்ங்க, உங்க குரலை மத்த வேலைகளுக்கும் நாங்க யூஸ் பண்ணிக்கலாங்களா, ஒரு வாய்ஸ் மெசேஜ்ல சரின்னு சொன்னீங்கன்னா போதுங்க." ரம்சியா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், "சொல்லு பாப்போம், ஒனக்குத் தில்லு இருந்தா அக்கா மாதிரியே சொல்லு பாப்போம்" என்றாள், இல்லை, அவள் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் "சொல்லட்டுமா, சொல்லட்டுமா" என்றேன், அவள் "ஏய் வேண்டாம்டி" என்றாள், இதை ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன், என் தலைக்குள்ளேயே யாருக்கோ சாட்சி சொல்கிற மாதிரி. வேண்டாம்டி என்றுதான் சொன்னாள். நான் பட்டனை அமுக்கிப் பிடித்தேன், அமுக்கியதும் தொண்டைக்குள் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள், "தாராளமா எடுத்துக்கோங்க சார், உங்களுக்கு இல்லாததா," மணல் சத்தம், ஏற்றம், எல்லாம் வந்தது, இவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் வந்ததில்லை பின்னும் வந்ததில்லை, "எங்க வேணும்னாலும் போட்டுக்கோங்க, என்ன வேணும்னாலும் பேச வச்சுக்கோங்க," ரம்சியா வாயைத் தலையணையால் பொத்திக்கொண்டிருந்தாள், அவள் கண்ணில் தண்ணீர், அவள் இன்னும் விழவில்லை, விழ வைக்காமல் விடுவேனா, அதற்குத்தான் அந்தப் பதினாலாவது செகண்ட், விட்டேன் ஒன்று, விழுந்தாள், முடித்தேன், கையை எடுத்தேன், போய்விட்டது, ரெண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு அக்கா போனிலிருந்து அதை நீக்கினேன். எனக்கு மட்டும் நீக்கு என்று கேட்டது, ஆமாம் என்றேன். எல்லாருக்கும் நீக்கு என்றும் பக்கத்திலேயே இருந்தது. பக்கத்திலேயே. என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை நடுவில்.

கண்டக்டர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்கிறார், உப்பும் மிளகாய்த்தூளும் நாக்கில் படுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, எனக்கு வாயில் எச்சில் ஊறவில்லை, அதுவே பயமாக இருக்கிறது. சொல்லிவிடலாம். இப்போது சொன்னால்கூடப் போதும், இன்னும் கையெழுத்துப் போடவில்லை, கேட் திறந்தால் வண்ணாரப்பேட்டைக்கு இருபத்தைந்து நிமிஷம், நான்தாங்கா என்று ஒரு வார்த்தை, அந்த ஃபைலுக்குள் இருக்கிற தாளைக் கிழித்துவிட்டு இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். எந்தக் குரலில் சொல்வது. பிசிக்ஸ் மிஸ் குரலில் சொல்லிப் பார்த்தேன், உள்ளே, "இத செஞ்சது யாரு, எந்திரிங்க," அது நன்றாக வருகிறது, அது கேட்கிற குரல், சொல்கிற குரல் இல்லை. அப்பா குரலில், "தெரியாம நடந்துபோச்சு, விடும்மா," அது பொய். கோயில் மைக்செட் அண்ணாச்சி குரலில், "பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு, கீழ்வீட்டுச் சுயம்புக்கனியின் குரலைத் திருடியவர் பஸ்ஸில் அவருக்கு இடது பக்கத்தில்," இதற்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் வெளியேகூட வந்துவிட்டது, அக்கா திரும்பி, "என்னட்டி?" என்றாள். ஒண்ணுமில்லக்கா. "சிரி, சிரி, நீயாவது சிரி," என்று என் முட்டியைத் தட்டினாள். தட்டின இடம் இன்னும் இருக்கிறது. என் குரல் என்று ஒன்று உள்ளே எங்கேயாவது இருக்க வேண்டும், எல்லாரையும் எழுப்பிவிட்டுக் கடைசி நாற்காலியில் பார்த்தேன், ஆள் இல்லை. இந்த ஒரு மாதமாக அக்கா என்ன ஆகிவிட்டாள் என்றால், கேட்கவே முடியவில்லை, கதவைப் பூட்டிவிட்டு வந்து மாடி ஏறி "நான் பூட்டுனேனாட்டி?" என்று கேட்கிறாள், பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னதை ஒரு சீட்டில் எழுதி ஜன்னலில் சொருகி வைக்கிறாள். எண்ணெய்க்கு யாரைக் கேட்டு என் குரலைப் போட்டீர்கள் என்று கேட்க அக்கா கூப்பிட்டாள், கிரிதரன் போனில் அந்த மெசேஜை அவளுக்குப் போட்டுக் காட்டியபோது, போனுக்குள்ளே இன்னொரு போனில் கரகரவென்று ஓடியது, அவள் சந்தைக்கடைக்கு நடுவில் நின்றிருந்தாள், பாதி கேட்டது, ஆனால் குரல் அவளுடையது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்த வக்கீலிடம் போனாள். "வாயால சரின்னு நீங்களே சொல்லிட்டு வந்தா நான் எதப் பிடிச்சுப் பேசுறது" என்றாராம். வந்து எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னாள், "காய்ச்சல்ல சொல்லியிருக்கேன் போலக்கா, எனக்கு ஞாபகமே இல்ல, பூட்டுப் போட்டுப் போட்டு வச்சேன், கடைசில நானே தெறந்து விட்டுருக்கேன், சொல்லிட்டு இல்லன்னு சொல்லுத பழக்கம் எனக்குக் கெடையாது, போயிக் கையெழுத்தப் போட்டுருதேன்." அம்மா அழுதாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், சிரட்டையைத் தாண்டி விரலைத் துருவிக்கொண்டேன், எல்லாரும் பதறி என் விரலைப் பார்த்தார்கள், அக்கா ஓடிப்போய் மஞ்சள்பொடி எடுத்து வந்தாள். அவள்தான் வைத்துவிட்டாள்.

என்னை எதற்குக் கூட்டி வந்தாள் என்றால் அதைவிட மோசம். "நீ கூட வாட்டி. அந்த ஆள்ட்ட நான் என்ன சொல்லுதேன்னு பக்கத்துல இருந்து கேட்டுக்கோ. நாளைக்கு நானே சொல்லலன்னு சொல்லிரக் கூடாதுல்லா," என்றாள். அவள் சொல்வதற்கு நான் சாட்சி. நான். இப்போது புழுதி அடிக்கிறது, எதிர்ப் பக்கம் ஒரு லாரி அவசரப்பட்டு வரிசையை விட்டு முன்னால் வந்து, செம்மண் பஸ்ஸுக்குள் ஏறியது, முன் சீட்டுப் பாட்டியம்மா இருமுகிறாள், கண்டக்டர் இருமுகிறார், நான் இருமினேன், அக்கா இருமவில்லை. கண்ணை மூடி, ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, தலையைத் தாழ்த்தி மெதுவாக விழுங்கினாள். கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் ஏறி இறங்கியது. "கனைக்கணும் போல வரும்ட்டி, கனைக்கக் கூடாது, கனைச்சாத் தொண்ட கிழிஞ்சிரும், முழுங்கிரணும்," என்று எப்போதோ சொன்னாள், பீரோவுக்குள்ளிருந்து தலையை எடுத்து, வேர்வையோடு, அப்போது நான் கேட்டுக்கொண்டே சுவரில் பல்லி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாகக் கீழ் வீட்டில் இருக்கிறாள், டைபாய்டிலும் இருமினாளே தவிர கனைக்கவில்லை, கோயில் கொடைத் திருவிழாவில் சாம்பிராணிப் புகைக்கு நடுவில் கனைக்கவில்லை, அக்கா கனைக்க மாட்டாள், சாம்பிளில் மட்டும்தான் கனைப்பாள், கடைக்காரன் திருடாமல் இருக்க மட்டும், நான் அவளை எங்கே படித்தேன், தெருவில் போன பாத்திர வண்டியில் படித்தேன், பூட்டையும் சேர்த்து முகம் என்று நினைத்துக்கொண்டு எடுத்துவந்துவிட்டேன். பதினாலாவது செகண்ட். ரம்சியா விழுந்த இடம். அங்கே நான் விட்டதும் அந்தப் பூட்டுத்தான்.

போன் ட்ரிங் என்றது. அக்காவுடையது. "அனுப்பிட்டான் பாரு," என்றாள், "கையெழுத்துக்கு முன்னாடி நான் சொன்னத ஒரு தடவ ஒழுங்காக் கேட்டுக்கிடுதேன்னு கேட்டேன், அனுப்பிட்டான், நல்ல பையன்தான்." பைக்குள் கையை விட்டு இயர்போனைத் தேடி எடுத்தாள், சிக்கு விழுந்திருந்தது, பொறுமையாக ஒவ்வொரு முடிச்சாக எடுத்தாள், நான் முடிச்சு இன்னும் இருக்க வேண்டும், இன்னும் நூறு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை செய்யாமல் இருக்கட்டும், சார்ஜ் போகட்டும், கேட் திறக்கட்டும், இல்லை, கேட்கட்டும், அவள் கேட்டுவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் எனக்கு வேண்டியிருந்தது, அதற்காகவும் வெட்கமாக இருந்தது. ஒன்றைத் தன் இடது காதில் வைத்துக்கொண்டு, மற்றதை என்னிடம் நீட்டினாள். "நீயும் கேளு. சாட்சில்லா." வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரே வயர், ரெண்டு பேர் தலையும் பக்கத்தில் பக்கத்தில், அவள் தலையில் வேப்பெண்ணெய் ஷாம்பு வாசனை, பட்டனை அமுக்கினாள். தாராளமா எடுத்துக்கோங்க சார். என் காதுக்குள் நான் அக்காவாகப் பேசினேன், எவ்வளவு நன்றாக இருந்தது, கடவுளே, அந்த நிமிஷத்திலும் நன்றாக இருக்கிறது என்று ஒரு குஷி வந்தது, அதைப் பிடித்து மிதித்தேன், ரெண்டு, மூணு, உங்களுக்கு இல்லாததா, அக்கா தலையை ஆட்டினாள், ஆமாம் நான்தான் என்கிற மாதிரி, ஆறு, ஏழு, எங்க வேணும்னாலும், உதட்டைக் கடித்துக்கொண்டாள், பதினொன்று, அப்போது ஊதினான். திருச்செந்தூர் வண்டி, பஸ்ஸையே உலுக்கிக்கொண்டு வந்தான், பெட்டி பெட்டியாக, ஜன்னல் ஜன்னலாக, பதினாலாவது செகண்டின் மேல் ஏறிப் போனான், காதில் ஒன்றும் இல்லை, இரும்பு மட்டும், நான் தப்பித்தேன், தப்பித்தேன் என்று ஒவ்வொரு சக்கரமும் சொல்லிற்று, கடைசிப் பெட்டி போயிற்று. மெசேஜும் முடிந்திருந்தது.

"கடைசில சரியாக் கேக்கலட்டி," என்றாள். போதும்க்கா, கேட்டாச்சுல்லா, கேட் தெறக்கப் போறான், என்றேன், யார் குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை, தந்திக் கம்பி மாதிரி மெலிசாக வந்தது. "கொஞ்சம் இருட்டி," என்றாள். டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டார், சாவியில் கை வைத்தார், ஆனால் கேட்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஆட்டோக்காரனும் பீடியை மிதித்துவிட்டு எதற்கோ ஸ்பீக்கரை அணைத்தான், கொசுவலை நின்றது, எல்லாம் நின்றது, இவ்வளவு அமைதி இந்த ரோட்டில் எப்போதும் இருந்திருக்காது. அக்கா பட்டனை அமுக்கினாள். தாராளமா எடுத்துக்கோங்க சார். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தேன், கம்பியில் யாரோ ஆணியால் கீறின பெயர், பாதி மழுங்கிப்போனது, ஒன்பது, பத்து, என்ன வேணும்னாலும் பேச வச்சுக்கோங்க, பன்னிரண்டு, என் குரல்னா அது இனிமே, பதிமூன்று. இதுதான். இங்கேதான் சிரிக்க வேண்டும். என் க்ஹ்ம் குரல் இல்ல சார், உங்க குரல். கனைப்பு "என் குரல்"மேல் சரியாக விழுந்திருந்தது, கடைப் பெயர்மேல் விழுகிற மாதிரி, நடு வயிற்றில். அக்காவின் விரல் போன்மேல் நின்றது. பின்னால் இழுத்தாள். க்ஹ்ம். மறுபடி இழுத்தாள். க்ஹ்ம். ஃபிளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த வெந்நீரைப் பார்த்தாள், குடிக்கவில்லை. "நான் கனைக்க மாட்டேனே," என்றாள், என்னிடம் இல்லை, வெளியே தண்டவாளத்தைப் பார்த்து, மிக மெதுவாக, கதவைப் பூட்டினது ஞாபகம் வந்துவிட்ட ஆள் மாதிரி. கேட் மேலே ஏறுகிறது. என்ஜின் உறுமுகிறது. காதிலிருந்து வயரை எடுத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள், என் கண்ணைப் பார்க்கவில்லை, என் தொண்டையைப் பார்க்கிறாள்.